ரோலிங் மில்லில் ஆறு வருஷ மெயின்டனன்ஸ் அனுபவம். லிங்க்ட்இன் புரொஃபைலைப் பார்த்து ஒருவரும் அழைப்பதில்லை, என்ன மாற்றலாம்?

பனங்காடு (இழையைத் தொடங்கியவர்) | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம். பி.டெக் மெக்கானிக்கல் முடித்து, கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பி ஆலையில் ஆறு வருஷமாக மெயின்டனன்ஸ் இன்ஜினியராக இருக்கிறேன். இண்டக்‌ஷன் ஃபர்னஸ், ரீஹீட்டிங் ஃபர்னஸ், ரோலிங் மில் எல்லாம் உண்டு (இரும்பை உருக்க, திரும்பச் சூடாக்க, உருட்டிக் கம்பியாக்க). அம்மாவை மாதம் இரண்டு முறை கோவைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டியிருக்கிறது. அதனால் கோவை, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியிலோ ஃபவுண்டரியிலோ (வார்ப்பாலை) வேலை தேடுகிறேன்.

மூன்று மாதத்தில் முப்பது இடத்துக்கு மேல் லிங்க்ட்இன் வழியாக விண்ணப்பித்தேன். ஒரு போன் கூட வரவில்லை. என் புரொஃபைலில் இப்போது இருப்பதை அப்படியே தருகிறேன் (அங்கே ஆங்கிலத்தில் இருக்கிறது, இங்கே தமிழ் எழுத்தில்):

ஹெட்லைன்: மெக்கானிக்கல் இன்ஜினியர் அட் பிரைவேட் லிமிடெட் கம்பெனி
இடம்: பாலக்காடு, கேரளா
அபவுட்: ஹார்டுவொர்க்கிங், டெடிகேட்டட் இன்ஜினியர். சவாலான வேலையை எதிர்பார்க்கிறேன்.
அனுபவம்: பிளான்ட் மெயின்டனன்ஸ் பொறுப்பு. பிரேக்டவுன், பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ் கவனிப்பது.
ஸ்கில்ஸ்: எம்எஸ் ஆபீஸ், டீம்வொர்க், லீடர்ஷிப், ஆட்டோகேட்

போட்டோ கல்யாணத்தில் எடுத்ததை வெட்டிப் போட்டிருக்கிறேன். என்ன தப்பு என்று தயங்காமல் சொல்லுங்கள்.

நொய்யல்கரை | ஞாயிறு, இரவு 10.25

தம்பி, நான் கோவையில் ஆள் எடுக்கிற வேலையில் பதினொரு வருஷமாக இருக்கிறேன். என் பக்கத்திலிருந்து என்ன தெரிகிறது என்று சொன்னால் உங்களுக்கே புரியும்.

ஒரு ஃபவுண்டரிக்கு மெயின்டனன்ஸ் ஆள் வேண்டும் என்று கேட்டால், நான் தேடல் பெட்டியில் ‘மெயின்டனன்ஸ் இன்ஜினியர்’ என்று போடுவேன். அப்புறம் ‘இண்டக்‌ஷன் ஃபர்னஸ்’, ‘ஹைட்ராலிக்ஸ்’, ‘பிஎல்சி’ (இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் கணினி) என்று அந்தப் பிளான்ட்டுக்கு வேண்டிய சொற்களைச் சேர்ப்பேன். இடம் கோவை. வருகிற பட்டியலில் ஒவ்வொருவருக்கும் போட்டோ, பெயர், ஹெட்லைன், ஊர், இப்போதைய வேலை, இவ்வளவுதான் முதலில் கண்ணில் படும். யாரைத் திறந்து பார்ப்பது என்பதை அதை வைத்தே முடிவு செய்கிறேன்.

உங்கள் புரொஃபைலில் ‘இண்டக்‌ஷன் ஃபர்னஸ்’ என்ற சொல்லே இல்லை. ‘ரோலிங் மில்’ இல்லை. ‘மெயின்டனன்ஸ்’ கூட ஹெட்லைனில் இல்லை. ஆறு வருஷம் நீங்கள் தொட்ட இயந்திரங்களில் ஒன்றின் பெயரைக்கூட எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். நான் தேடுகிற ஆள் நீங்கள்தான், ஆனால் என் வலையில் நீங்கள் விழ மாட்டீர்கள்.

ஹெட்லைனுக்கு 220 எழுத்து வரை இடம் உண்டு. பதவி, என்னென்ன இயந்திரம், எத்தனை வருஷம் என்று நிரப்புங்கள். அபவுட்டில் 2,600 எழுத்து எழுதலாம், ஆனால் முதல் சில வரிதான் விரிக்காமல் தெரியும். அங்கே ‘ஹார்டுவொர்க்கிங்’ வேண்டாம். அதை எல்லோரும் எழுதுகிறார்கள், நாங்கள் படிப்பதில்லை.

எல்லைச்சாவடி | ஞாயிறு, இரவு 10.50

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. நானும் கஞ்சிக்கோட்டில்தான் இருக்கிறேன், எலெக்ட்ரிகல். இங்கே எந்த மில்லும் லிங்க்ட்இன் பார்த்து ஆள் எடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. ஒரு மில்லில் ஆள் போனால், ஃபோர்மேன் இன்னொரு மில் ஃபோர்மேனுக்குப் போன் செய்வார், அடுத்த திங்கள் ஆள் வந்துவிடும். என் மூன்று வேலையும் அப்படித்தான் கிடைத்தது. தம்பி இந்த நேரத்தில் நாலு பேரை நேரில் போய்ப் பார்த்தால் பலன் உண்டு.

நொய்யல்கரை | ஞாயிறு, இரவு 11.05

நீங்கள் சொல்வது சின்ன யூனிட்டுகளுக்கு முழு உண்மை. அதை மறுக்கவே மாட்டேன். ஆனால் தம்பி கேட்பது மில்லிலிருந்து இன்னொரு மில்லுக்கு இல்லை; எல்லை தாண்டி வேறு துறைக்கு. அந்த ஃபோர்மேன்களுக்குக் கோவைப் பக்கம் அரசூரிலோ மலுமிச்சம்பட்டியிலோ யாரையும் தெரியாமல் இருக்கலாம். இன்னொன்று, போன் வழியாக வந்த பெயரைக்கூட இன்டர்வியூவுக்கு முந்தின நாள் நாங்கள் தேடிப் பார்க்கிறோம். அப்போது ‘பிரைவேட் லிமிடெட் கம்பெனி’ என்று மட்டும் இருந்தால் சொன்னவருக்கும் மதிப்பில்லை.

பழைய_ஸ்பேனர் | திங்கள், காலை 6.15

முப்பத்தி நாலு வருஷம் பொதுத்துறை ஆலையில் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். லிங்க்ட்இன் எனக்குப் பழக்கமில்லை, ஆனால் இன்டர்வியூ போர்டில் பல முறை உட்கார்ந்திருக்கிறேன். பனங்காடு தம்பிக்கு ஒரே கேள்வி.

உங்கள் மில்லில் நீங்கள் சேரும்போது அடிக்கடி நின்றுபோன இயந்திரம் எது? இப்போது அது நிற்கிறதா?

இதற்குப் பதில் எழுதுங்கள். அப்புறம் பேசலாம்.

பனங்காடு | திங்கள், இரவு 8.30

ஐயா, அது பினியன் ஸ்டாண்ட் கியர்பாக்ஸ் (மோட்டாரின் சுழற்சியை மில் உருளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது). மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இன்புட் பக்க பேரிங் போய்விடும். ஒவ்வொரு தடவையும் மில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். பேரிங் தரம் சரியில்லை என்று சொல்லி கம்பெனி இரண்டு தடவை பிராண்ட் மாற்றியது. நான் சேர்ந்த இரண்டாம் வருஷம், கழற்றிய பேரிங்குகளைக் குப்பைக்குப் போடாமல் வரிசையாக வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் தேய்மானத் தடம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. மோட்டாரும் கியர்பாக்ஸும் நேர்கோட்டில் இல்லை என்று சந்தேகம் வந்தது. டயல் கேஜ் (நுண்ணிய விலகலை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் குளிர்ந்த நிலையில் சரியாக இருந்தது. நாலு மணி நேரம் ஓடிய பிறகு நிறுத்தி உடனே பார்த்தால் விலகியிருந்தது. ஒரு பக்க அடித்தள போல்ட் தளர்ந்திருந்தது, அதோடு சூட்டில் கியர்பாக்ஸ் எழும்புவதையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. போல்ட்டுகளைப் புதிதாக கிரவுட் செய்து (சிமென்ட் கலவை ஊற்றி இறுக்கி), வெளியிலிருந்து லேசர் அலைன்மென்ட் ஆளைக் கூப்பிட்டு, சூட்டில் எழும்பும் அளவை முன்கூட்டியே விட்டு அலைன் செய்தோம். அதற்குப் பிறகு பேரிங் போனதாகவே நினைவில்லை. நிற்கும் நேரம் மொத்தத்தில் பாதியாகக் குறைந்திருக்கும்.

இதையெல்லாம் எழுதலாமா? மெயின்டனன்ஸ்காரர் எல்லோரும் செய்வதுதானே என்று விட்டுவிட்டேன்.

பழைய_ஸ்பேனர் | திங்கள், இரவு 9.10

தம்பி, உங்கள் புரொஃபைல் இதுதான். மற்றதெல்லாம் முகவரி.

பேரிங்கை மாற்றுகிறவர் நூறு பேர் கிடைப்பார். கழற்றிய பேரிங்கை வரிசையாக வைத்துப் பார்க்கிறவர் சிலர்தான். போர்டில் நாங்கள் தேடியது அந்தச் சிலரைத்தான்.

இரண்டு விஷயம். ‘பாதியாகக் குறைந்திருக்கும்’ என்று எழுதாதீர்கள். லாக்புக்கை எடுத்துப் பார்த்து, சேர்வதற்கு முந்தின வருஷமும் பின்வந்த வருஷமும் மாதம் எத்தனை மணி நேரம் நின்றது என்று கூட்டிப் போடுங்கள். அடுத்தது, அலைன்மென்ட் செய்தது வெளியாள். கிரவுட் செய்தது சிவில் ஆட்கள். நீங்கள் செய்தது காரணத்தைக் கண்டுபிடித்தது, சூட்டு அளவை எடுத்தது, வேலையை ஒருங்கிணைத்தது. அதை அப்படியே பிரித்து எழுதுங்கள். இன்டர்வியூவில் ஒருவர் ‘லேசர் கருவியை எப்படி செட் செய்தீர்கள்’ என்று கேட்டால் திணறக் கூடாது.

கல்பாத்தி_டிசைன் | திங்கள், இரவு 9.45

இதைப் படித்துவிட்டு என் புரொஃபைலையும் திறந்து பார்த்தேன். நான் டிசைன் பக்கம், சாலிட்வொர்க்ஸ், ஜிடி&டி (வரைபடத்தில் அளவு, வடிவ விலகல் வரம்புகளைக் குறிக்கும் முறை). ‘3டி மாடலிங் செய்தேன்’ என்றுதான் எழுதியிருக்கிறேன். எதை மாடல் செய்தேன், அது ஷாப் ஃப்ளோரில் போய் என்ன ஆனது என்று ஒரு வரி இல்லை. இன்று உட்கார்ந்து மாற்றப் போகிறேன்.

ஒரு எச்சரிக்கை. முதல் கம்பெனியில் என்னோடு இருந்த ஒருவர் வாடிக்கையாளரின் டிராயிங்கைப் படமெடுத்து ஃபீச்சர்டு பகுதியில் போட்டுவிட்டார். நல்ல வேலையைக் காட்ட வேண்டும் என்ற ஆசைதான். வேலை போனது. டிராயிங், வாடிக்கையாளர் பெயர், உற்பத்தி டன் கணக்கு எதுவும் வெளியே போகக் கூடாது. ஆலை நின்ற மணி நேரத்தைக்கூட கம்பெனி வெளியிட விரும்பாது என்றால் சதவீதமாக மட்டும் எழுதுங்கள். காட்டியே ஆக வேண்டுமென்றால், சொந்தமாக வரைந்த ஒரு பொதுவான மாடலைப் போடலாம்.

பனங்காடு | செவ்வாய், இரவு 10.00

இன்று ஷிஃப்ட் முடிந்து லாக்புக் எடுத்தேன். பழைய_ஸ்பேனர் ஐயா சொன்னது நல்லதாயிற்று. நான் பாதி என்று நினைத்தது தப்பு. மெக்கானிக்கல் காரணத்தால் நின்றது மாதச் சராசரி 31 மணி நேரத்திலிருந்து 19 ஆகியிருக்கிறது. ஏறத்தாழ 39 சதவீதம். பேரிங் இடையில் ஒரு முறை மாற்றியிருக்கிறார்கள், ஆனால் அது போனதால் இல்லை, ஓவர்ஹால் சமயத்தில்.

இன்னொரு கேள்வி. இந்தப் பச்சை வளையம் போடலாமா? இப்போதைய கம்பெனிக்குத் தெரிந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

நொய்யல்கரை | செவ்வாய், இரவு 10.20

‘ஓப்பன் டு வொர்க்’கில் இரண்டு வகை இருக்கிறது. எல்லோருக்கும் காட்டுவது என்றால் போட்டோவில் பச்சை வளையம் வரும். ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் என்று வைத்தால் வளையம் வராது, எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் தெரியும். உங்கள் கம்பெனியின் ரெக்ரூட்டர்களுக்குக் காட்டாமல் இருக்க லிங்க்ட்இன் முயற்சி செய்யும், ஆனால் முழு உத்தரவாதம் தருவதில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். நீங்கள் இரண்டாவதை வையுங்கள்.

புரொஃபைலை மாற்ற ஆரம்பிக்கும் முன், செட்டிங்ஸில் மாற்றங்களை நெட்வொர்க்குக்கு அறிவிக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். ஒரே வாரத்தில் பத்து மாற்றம் போய் உங்கள் மேனேஜர் கண்ணில் பட வேண்டாம்.

முக்கியமானது இடம். பாலக்காடு என்றிருப்பதால் கோவை என்று வடிகட்டும்போது நீங்கள் விழாமல் போகிறீர்கள். அதற்காகக் கோவையில் இருப்பதாகப் பொய் எழுத வேண்டாம். வேலை விருப்பத்தில் பல ஊர்களைச் சேர்க்க முடியும். கோவை, பொள்ளாச்சி இரண்டையும் போடுங்கள். அபவுட்டில் ஒரு வரி: ‘வீடு கேரள எல்லையில், வேலந்தாவளம் வழியாகத் தினமும் கோவைக்கு வந்து போக முடியும்.’ கேரளாவிலிருந்து ஆள் என்றால் வீடு பார்க்க வேண்டும், குடும்பம் வருமா, ஆறு மாதத்தில் திரும்பிவிடுவாரா என்று மேனேஜர்கள் யோசிப்பதை நான் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு வரி அதைத் தீர்க்கும்.

எல்லைச்சாவடி | செவ்வாய், இரவு 10.40

பாலக்காட்டை முழுசாக எடுத்துவிட வேண்டாம் தம்பி. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 12 தொழில் நகரங்களில் பாலக்காடும் ஒன்று. இங்கேயே நல்ல இடம் வரலாம். விருப்பப் பட்டியலில் மூன்று ஊரும் இருக்கட்டும்.

மணல்காற்று | புதன், மதியம் 1.15

துபாயில் எட்டு வருஷம் பைப்பிங் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்துவிட்டு பாலக்காடு மாவட்டச் சித்தூருக்குத் திரும்பியவன். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: பெயர்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். லிங்க்ட்இன் கடைசிப் பெயர் கேட்கும்போது ஒற்றை எழுத்தைப் போட்டுவிடுகிறோம். சான்றிதழில் இனிஷியல் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாகப் பின்னால், ஆதாரில் வேறு மாதிரி. எனக்கு ஒரு கம்பெனியில் பின்னணிச் சரிபார்ப்பு இதனாலேயே மூன்று வாரம் தள்ளிப்போனது. புரொஃபைலில் இருப்பவரும் டிகிரியில் இருப்பவரும் ஒரே ஆளா என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா இல்லை என்று அறிவித்தபோது நம் ஆட்கள் பலர் தவித்தார்கள். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, அதே எழுத்துக்கூட்டலில் புரொஃபைலிலும் பயோடேட்டாவிலும் வையுங்கள்.

அப்புறம், புரொஃபைல் நன்றாக ஆனதும் போலி ஆட்களும் வருவார்கள். ‘வளைகுடாவில் மெயின்டனன்ஸ் மேனேஜர், விசா தயார், முன்பணம் மட்டும் அனுப்புங்கள்’ என்று மெசேஜ் வரும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் பதிவு செய்தவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு செய்தவரும் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அதற்கு மேல் கேட்டால் பேச்சை நிறுத்துங்கள்.

பீளமேடு_பம்ப் | புதன், இரவு 8.50

பம்ப் கம்பெனி என்று சொன்னதால் வருகிறேன், நான் டெஸ்டிங்கில் இருக்கிறேன். மில் அனுபவத்தை எங்கள் மொழியில் கொஞ்சம் மாற்றிச் சொல்லுங்கள். ஃபர்னஸின் கூலிங் வாட்டர் பம்புகளை யார் பார்த்தது? நீங்கள்தானே? அவை சென்ட்ரிஃபியூகல் பம்புகள். மெக்கானிக்கல் சீல் மாற்றியது, கேவிட்டேஷன் (பம்புக்குள் நீராவிக் குமிழ்கள் உருவாகி உடைவது) வந்ததைக் கண்டுபிடித்தது, இம்பெல்லர் தேய்ந்தது எல்லாம் எழுத வேண்டிய விஷயம். எங்கள் மேனேஜர் ‘ரோலிங் மில்’ என்று பார்த்தால் நமக்கு ஒத்து வராது என்று நகர்ந்துவிடுவார். ‘கூலிங் வாட்டர் பம்புகள், சீல், கேவிட்டேஷன்’ என்று பார்த்தால் நிற்பார்.

பம்ப் சோதனைக்கு ஐஎஸ்ஓ 9906 என்ற தரம் இருக்கிறது, படித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கஞ்சிக்கோட்டிலேயே ஃப்ளூயிட் கன்ட்ரோல் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. ஃப்ளோ அளவீட்டில் பயிற்சிகள் நடத்துகிறார்கள். வீட்டுப் பக்கத்தில் இருப்பதை விடாதீர்கள். அலைன்மென்ட்டில் ஆர்வம் இருப்பதால், ஐஎஸ்ஓ 18436-2 வைப்ரேஷன் அனலிஸ்ட் முதல் நிலைச் சான்றிதழையும் யோசியுங்கள். மெயின்டனன்ஸ் ஆளிடம் அது இருந்தால் தனியாகத் தெரியும்.

ஆனால் செய்து முடிக்காத சான்றிதழை ‘பயின்று வருகிறேன்’ என்று போடாதீர்கள். அப்படிப் போட்டு இரண்டு வருஷமாகப் பயின்று வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பனங்காடு | வியாழன், இரவு 9.30

கூலிங் வாட்டர் பம்புகள் ஆறும் என் பொறுப்பில்தான் இருக்கின்றன. அதை எழுதலாம் என்று தோன்றவே இல்லை. புது வடிவம் இதோ:

ஹெட்லைன்: மெயின்டனன்ஸ் இன்ஜினியர், 6 வருஷம் | ரோலிங் மில் கியர்பாக்ஸ், இண்டக்‌ஷன் ஃபர்னஸ், கூலிங் வாட்டர் பம்ப், ஹைட்ராலிக்ஸ் | பழுதின் மூல காரணம் கண்டறிதல்

அபவுட்: கம்பி ஆலையில் அடிக்கடி பழுதான கியர்பாக்ஸ் பேரிங்குகளின் தேய்மானத் தடத்தை ஒப்பிட்டு, சூடான நிலையில் வரும் அலைன்மென்ட் விலகலைக் கண்டறிந்தேன். அடித்தள வேலையையும் லேசர் அலைன்மென்ட்டையும் ஒருங்கிணைத்தேன். மெக்கானிக்கல் காரணத்தால் ஆலை நிற்கும் நேரம் 39% குறைந்தது. ஆறு சென்ட்ரிஃபியூகல் பம்புகளின் சீல், பேரிங், கேவிட்டேஷன் பிரச்சினைகளைக் கவனிக்கிறேன். வீடு கேரள எல்லையில். தினமும் கோவைக்கு வந்து போக முடியும்.

ஸ்கில்ஸில் எம்எஸ் ஆபீஸையும் லீடர்ஷிப்பையும் எடுத்துவிட்டேன். போட்டோவும் மாற்றிவிட்டேன், வெள்ளைச் சுவர் முன்னால், ஜன்னல் வெளிச்சத்தில்.

பழைய_ஸ்பேனர் | வியாழன், இரவு 9.50

39 சதவீதமும் அந்த ஒரு கியர்பாக்ஸாலா?

பனங்காடு | வியாழன், இரவு 10.05

இல்லை ஐயா. கியர்பாக்ஸால் மாதம் நாலு மணி நேரம்தான். மீதி லூப்ரிகேஷன் அட்டவணை மாற்றியதாலும், ஷியர் பிளேடு (கம்பி வெட்டும் கத்தி) முன்கூட்டியே மாற்ற ஆரம்பித்ததாலும். அது குழு முழுவதும் சேர்ந்து செய்தது. ‘நாலு பேர் குழுவோடு மூன்று வருஷத்தில்’ என்று சேர்த்து, லூப்ரிகேஷனையும் ஷியரையும் தனி வரியாக எழுதிவிடுகிறேன்.

நொய்யல்கரை | வியாழன், இரவு 10.30

இப்போது சரி. இந்த வரிகளைப் படித்தால் நான் போன் எடுப்பேன்.

மொழிகள் பகுதி காலியாக இருக்கிறதே, தம்பி? தமிழ், மலையாளம், ஆங்கிலம். இந்தி பேசுவீர்களா?

பனங்காடு | வியாழன், இரவு 10.40

பேசுவேன் அக்கா. எங்கள் மில்லில் ஃபர்னஸ் ஆட்கள் பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள், அவர்களிடம் கற்றதுதான். தமிழும் மலையாளமும் இங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால் எழுதவில்லை.

நொய்யல்கரை | வியாழன், இரவு 10.55

இங்கே எல்லோருக்கும் தெரியும், உங்களுக்குத் தெரியும் என்பது அரசூரில் தெரியாது. கோவை ஃபவுண்டரிகளிலும் நிறையப் பேர் வடக்கிலிருந்து வந்தவர்கள். அவர்களிடம் இந்தியில் பாதுகாப்பு விதியைச் சொல்லிப் புரியவைக்கத் தெரிந்த இன்ஜினியரை மேனேஜர்கள் விட மாட்டார்கள். நாலு மொழியையும் போடுங்கள். இந்திக்கு மட்டும் பேசும் அளவு என்று நிலை குறியுங்கள்.

அடுத்து ரெக்கமெண்டேஷன். ஸ்கில்ஸுக்கு உங்கள் இணைப்பில் உள்ள யார் வேண்டுமானாலும் ஒரு கிளிக்கில் எண்டோர்ஸ் செய்துவிடலாம், அதற்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. கூட வேலை செய்த ஒருவர் உட்கார்ந்து எழுதிய நாலு வரியைப் படிப்பேன். மேனேஜரிடம் இப்போது கேட்க முடியாது, புரிகிறது. வேலையை விட்டுப் போனவர்கள் யாராவது?

பனங்காடு | வெள்ளி, இரவு 9.15

இரண்டு வருஷம் முன்பு ஓய்வு பெற்ற எங்கள் எலெக்ட்ரிகல் ஃபோர்மேன் சேட்டன் இருக்கிறார். சூடாக இருக்கும்போது டயல் கேஜ் வைத்துப் பார்க்கலாம் என்று நான் சொன்னபோது, மோட்டாரை உடனே லாக் செய்து (மின்சாரம் வராமல் பூட்டி) கொடுத்தது அவர்தான். இன்று அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். மகள் அவருக்கு லிங்க்ட்இன் கணக்கு தொடங்கிக் கொடுத்தாள். அவரே அரை மணி நேரம் உட்கார்ந்து எழுதினார், மலையாளத்தில். அளவெடுத்த அந்த இரவு நடந்ததை அப்படியே எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா, அப்படியே விடலாமா?

நொய்யல்கரை | வெள்ளி, இரவு 9.40

அவர் எழுதியது அப்படியே இருக்கட்டும். கீழே இரண்டு வரி ஆங்கிலத்தில் மகளை விட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள், மலையாளம் தெரியாதவர்களுக்காக. நாளைக்குக் காலையில் உங்கள் புரொஃபைல் இணைப்பைத் தனி மெசேஜில் அனுப்புங்கள், தம்பி. பொள்ளாச்சி ரோட்டில் ஒரு ஃபவுண்டரிக்கு நான் ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.